செங்கல்லும் உபயமும்

கூத்தினைப் பழந்தமிழர் வேத்தியல் என்றும் பொதுவியல் என்றும் இரு கூறாகப் பகுத்தனர். வேந்தன் காண ஆடுவது வேத்தியல். ஏனையோர் காண ஆடுவது பொதுவியல். சிலப்பதிகாரத்தில் இவ்விரு பெயர்களும் வருவதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். மாணவர்க்கு இதனைச் சொல்லிக் கொடுக்கும்பொழுது ஆடலின் வகை பற்றிய செய்தி என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே வழக்கம். ஆயின், இப்பகுப்பினுள் மற்றொரு வினாவும் அடங்கிக் கிடக்கிறது. ஆடலுக்கு ஆகும் செலவை ஏற்பவர் யார் என்பதே அது. மாதவி அரங்கேறிய நாளில் சோழ வேந்தன் அவளுக்குத் தலைக்கோல் பட்டத்தோடு ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் வழங்கினான். வேத்தியலுக்கு வேந்தனின் கருவூலம் இருந்தது. ஊர்ப் பொதுவிடத்தில், வானத்தின் கீழ், வருவோர் எவராயினும் காணலாம் என்று ஆடப்பெறும் கூத்துக்கு எது கருவூலம்?

நிதி திரட்டுவதற்காகத் திறந்தவெளியில் நடனம் நடத்தும் கலைமன்றமாயினும், திறந்தவெளியில் நடனம் நடத்துவதற்காக நிதி திரட்டும் கலைமன்றமாயினும், இவ்வினாவிற்கு விடை கூறாமல் தப்ப முடியாது. நம் நாட்டு வரலாற்றில் இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. மக்கள் தந்த ஒவ்வொரு வெள்ளியும் ஒரு செங்கல்லாகும் என்று கூறி எழுப்பப்பெற்ற சிங்கப்பூர்த் தேசிய அரங்கே அச்சான்று. 1963-இல் திறக்கப்பெற்ற அவ்வரங்கு 1986-இல் இடிக்கப்பெற்றது. இருபத்து மூன்றே ஆண்டுகளில் ஒரு மக்கள் அரங்கு தோன்றி மறைந்த கதையை வெறும் கட்டடக் கதையாகக் கருதிவிடலாகாது. கலைக்கு நாம் எவ்வாறு கொடுக்கிறோம், கொடுத்தபின் அக்கலையோடு நமக்கு என்ன உறவு என்பவற்றை அது சோதித்துக் காட்டுகிறது.

புல்வெளியில் தொடங்கிய கூத்து

தேசிய அரங்கின் வேரைத் தேடுவோர் செங்கல்லுக்கு முன்னே புல்வெளிக்குச் செல்லவேண்டும். 1959-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் சிங்கப்பூர் உள்நாட்டுச் சுயாட்சி பெற்றது. புதிய அரசாங்கத்தில் பண்பாட்டு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் எஸ். இராசரத்தினம். 1915-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவில் இரப்பர்த் தோட்டச் சூழலில் வளர்ந்தவர் அவர். அமைச்சு தொடங்கி இரண்டு திங்களுக்குள், ஆகஸ்டு 2-ஆம் நாள், தாவரப் பூங்காவில் ஒரு கலைநிகழ்ச்சி நடைபெற்றது. அன்றைய பிரதமர் லீ குவான் யூ அதனைத் தொடங்கி வைத்தார். 'அனேக ராகம் ராயாட்' என்பது அதன் பெயர்.

அப்பெயரே ஆராய்ச்சிக்குரியது. அனேக என்பதற்கு மலாய் மொழியில் பல என்று பொருள். ராகம் என்பது அம்மொழியில் வகையைக் குறிக்கும். இரண்டும் வடமொழி வழியே மலாய்க்குச் சென்ற சொற்கள். தமிழர் செவிக்கும் பழகியவை. ராயாட் என்பது மக்கள். பல்வகை மக்கள் கலை என்று பெயரைத் தமிழாக்கலாம். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகியோரின் ஆடலும் பாடலும் ஒரே மேடையில், திறந்தவெளியில், அடுத்தடுத்து வந்தன. தன் வீட்டுத் திருமணத்திலும் தன் கோயில் திருவிழாவிலும் மட்டுமே ஆடலைக் கண்டு பழகியவன், அண்டை வீட்டான் ஆடுவதையும் காணும் நிலை ஏற்பட்டது. அந்நாளைய சிங்கப்பூரில் அஃது ஒரு புதுமை.

கலை நோக்கில் இந்நிகழ்ச்சிகளுக்கு ஒரு குறையும் உண்டு. மலாய் ஆடல் முடிந்து சீன ஆடல், அது முடிந்து இந்திய ஆடல் என்று வரிசைப்படுத்தும்பொழுது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. பரதநாட்டியத்தின் வருணம் போன்று விரிவை வேண்டிநிற்கும் உருப்படிக்கு அங்கு இடமிராது. ஆடலின் சுவையைக் காட்டிலும் ஆடையின் நிறமே பார்ப்பவன் மனத்தில் தங்கும். அருகருகே நிற்பதால் மட்டும் இரண்டு கலைகள் ஒன்றையொன்று அறிந்துவிடமாட்டா. இதற்கு மாறான முயற்சியும் அதே காலத்தில் இருந்தது. 1952-இல் சிங்கப்பூர் வந்து நடனப் பள்ளி தொடங்கிய கே. பி. பாஸ்கரும், அவர்தம் துணைவியார் சாந்தா பாஸ்கரும் சீனரின் பழங்காதற் கதையாகிய 'வண்ணத்துப்பூச்சிக் காதலர்' கதையை 1958-இல் பரதநாட்டிய முறையில் ஆக்கியளித்தனர். ஒரு மக்களின் கதை மற்றொரு மக்களின் முத்திரைகளில் பேசியது. வரிசையில் நிற்பதற்கும் உறவாடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவ்வாக்கம் காட்டுகிறது.

எனினும் புல்வெளி நிகழ்ச்சிக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. அது மக்கள் இருந்த இடத்துக்குச் சென்றது. மேடை ஒரு நாளைக்கு எழுந்து மறுநாள் அவிழ்ந்தது. பராமரிக்கவேண்டிய சுவர் இல்லை. பழுதாகும் கூரை இல்லை. வந்தவன் புல்லில் அமர்ந்தான். பிடிக்காதவன் எழுந்து போனான். பழைய மன்றத்துக் குரவையின் இயல்பு அதனிடம் ஓரளவு இருந்தது எனலாம். செலவும் பெரும்பாலும் அன்றன்றைய செலவே.

ஒரு வெள்ளிக்கு ஒரு செங்கல்

இத்தகைய கலைக்கு நிலையான இல்லம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் விரைவில் எழுந்தது. சுயாட்சி பெற்றதன் நினைவாகத் தேசிய அரங்கு ஒன்று அமைப்பதென முடிவாயிற்று. அரசாங்கம் தரும் பணத்தோடு மக்கள் பணமும் சேரவேண்டும் என்பது திட்டம். 'ஒரு வெள்ளிக்கு ஒரு செங்கல்' என்ற முழக்கத்தோடு நிதி திரட்டப்பெற்றது. அக்காலத்தில் ஒரு வெள்ளி உழைப்பாளிக்கு அற்பத் தொகை அன்று. ஆயினும் எட்டாத தொகையும் அன்று. கையிலுள்ள ஒரு வெள்ளியைக் கொடுத்தவன், தன் பெயர் எழுதப்படாத ஒரு செங்கல் அச்சுவரில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். மக்கள் மனத்தை அறிந்தோர் கண்ட முழக்கம் அது. அரங்குக்கு மக்கள் அரங்கு என்ற பெயரும் வழங்கலாயிற்று.

தேர்ந்த இடமும் பொருள் பொதிந்தது. ஃபோர்ட் கேனிங் குன்றின் சரிவில், கிளமென்சோ சாலையை நோக்கி அரங்கு எழுந்தது. அக்குன்றுக்கு மலாய்க்காரர் இட்ட பழைய பெயர் புக்கிட் லாராங்கான். தடுக்கப்பெற்ற குன்று என்பது அதன் பொருள். பண்டை மன்னர்களின் அரண்மனை அங்கிருந்தது என்றும், பொதுமக்கள் அதில் ஏறலாகாது என்றும் மரபுவழிச் செய்தி வழங்கிற்று. பின்னர் ஆங்கிலேயர் அதன் உச்சியில் கோட்டை கட்டினர். வேந்தனுக்கும் வெள்ளையனுக்கும் உரியதாயிருந்த குன்றின் மடியில், ஒரு வெள்ளி கொடுத்தவர்களுக்கான அரங்கு அமைந்தது. வேத்தியல் இருந்த இடத்தில் பொதுவியல் புகுந்ததாக இதனைக் கொள்ளலாம்.

அரங்கை வரைந்தவர் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் வோங். முகப்பில் ஐந்து கூர்முனைகள் இருந்தன. அவை சிங்கப்பூர்க் கொடியின் ஐந்து விண்மீன்களைக் குறித்தன. முன்னே இருந்த நீரூற்று கொடியின் பிறையைக் குறித்தது. இருக்கைகள் 3,420. மேடை சுழலும் மேடை. இருக்கைகளுக்கு மேலே 150 டன் எடையுள்ள எஃகுக் கூரை ஒரு பக்கத்தே தாங்கப்பெற்றுக் குன்றின் சரிவை நோக்கி நீண்டிருந்தது. பக்கச் சுவரும் பின்சுவரும் இல்லை. கூரை உண்டு, சுவர் இல்லை என்ற இந்த அமைப்பே அதன் அழகுக்கும் பின்னாளைய அல்லலுக்கும் காரணமாயிற்று.

1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் தென்கிழக்காசியக் கலைவிழாவோடு அரங்கு திறக்கப்பெற்றது. பல ஆசிய நாடுகளின் ஆடற்குழுக்கள் அதில் கலந்துகொண்டன. பிற்காலத்தில் உருசிய நாட்டுப் பொல்சோய் பாலே குழு முதலியோரும் அங்கு ஆடினர். பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாக்களும், தேசிய நாள் கூட்டமும் அங்கு நடைபெற்றன. 1970-இல் தேசிய அரங்கு அறநிலையத்தின் கீழ்த் தேசிய நடனக் குழு ஒன்று அமைந்தது. மலாய், சீன, இந்திய ஆடல்களைப் பயின்றோர் ஒரு குழுவாய் இயங்கத் தொடங்கியது அதன் பயன்.

அரங்கும் ஆடலும்

ஆடலைக் காண்பதற்கு இவ்வரங்கு எத்தகையது? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்கிற்கு அளவு கூறுகிறது. இருபத்துநான்கு பெருவிரல் அளவு கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, உயரம் ஒன்று. ஒரு கோலை ஏறக்குறைய இரண்டடி எனக் கொண்டால் அரங்கின் அகலம் 14 அடி, நீளம் 16 அடி ஆகும். தூணின் நிழல் ஆடுபவர்மேல் விழாதபடி விளக்கு வைக்கவேண்டும் என்ற குறிப்பும் அங்கே உண்டு. சிறிய அரங்கு, அருகில் இருந்து காணும் அவை, முகத்தில் விழும் நல்ல ஒளி இவையே அந்நூல் வேண்டுவன. கண்ணசைவும் புருவ நெரிப்பும் பொருள் பேசும் கலைக்கு அந்த அளவு பொருந்தும்.

மூவாயிரத்து நானூற்று இருபது பேர் அமரும் சரிவில் கடைசி வரிசையில் இருப்பவனுக்குக் கண்ணும் புருவமும் இல்லை. கையின் கோடும் காலின் வீச்சும் மட்டும் அவனைச் சென்றடையும். சதங்கை ஒலி காற்றில் சிதறும். சாலையில் செல்லும் வண்டியின் ஓசை அதனுடன் கலக்கும். ஒலிபெருக்கி நட்டுவனாரின் குரலைப் பெரிதாக்கும். அபிநயத்தைப் பெரிதாக்கும் கருவி அன்று இல்லை. ஆகவே தனியொருவர் ஆடும் பதம், சாவளி போன்றவை இத்தகைய வெளியில் சோர்ந்துபோகும். கும்மி, கோலாட்டம் முதலிய கூட்டு ஆடல்களும், வரிசையும் வட்டமும் மாறிமாறித் தோன்றும் நாட்டிய நாடகங்களும் அங்கு எடுபடும். நூறு கால்கள் ஒருங்கே எழும் பாலே ஆடலுக்கும் அவ்வெளி தடையாகாது.

இதனால் திறந்தவெளி ஆடல் தாழ்ந்தது என்று கூறுதல் பொருந்தாது. திறந்தவெளிக்கு அதற்கேற்ற ஆடலைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதே கருத்து. தெருக்கூத்து ஆடியோர் இதை அறிந்திருந்தனர். பெரிய முடி, அகன்ற தோள்புயக் கட்டைகள், அடர்ந்த முகவண்ணம், கிறுக்கியாடும் சுழற்சி ஆகிய எல்லாம் தொலைவில் இருப்பவன் காணவேண்டும் என்பதற்காகவே அமைந்தவை. அரங்குக்குள் பயின்ற உருப்படியை மாற்றமின்றி வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பார்ப்பவனுக்குச் சுவையில்லை என்று குறைகூறும் நடன ஆசிரியர், தெருக்கூத்துக் கலைஞனிடம் பாடம் கேட்கலாம்.

மழை மற்றொரு பகை. சுவரில்லாத அரங்கில் காற்றோடு வரும் மழை இருக்கையில் இருப்பவனையும் நனைக்கும். குளிரூட்டிய மண்டபங்கள் ஊரில் பெருகியபின், நனைவதற்குப் பணம் கொடுத்து வர மக்கள் தயங்கினர் எனில் வியப்பில்லை. 1984-ஆம் ஆண்டு சனவரியில் அரங்கு மூடப்பெற்றது. எஃகுக் கூரை உறுதியாக இல்லை எனக் கண்டமையும், அருகே விரைவுச்சாலைக்கான சுரங்கம் அமைக்கும் திட்டமும் காரணங்கள். 1986-இல் அரங்கு இடிக்கப்பெற்றது. செங்கற்கள் வந்த வழியே சென்றன. அறநிலையமும் 1991-இல் புதிதாகத் தோன்றிய தேசியக் கலை மன்றத்தோடு இணைந்துவிட்டது.

கொடுத்தவனுக்கு என்ன உறவு?

மூடிய காரணம் பொறியாளர் சொல்லவேண்டியது. அதில் குறைகாண இடமில்லை. திறனாய்வாளன் கேட்கவேண்டிய கேள்வி வேறு. செங்கல் கொடுத்தவர்கள் அரங்கு மறைந்தபொழுது எங்கே இருந்தனர்?

ஒரு வெள்ளி கொடுத்தவனுக்கும் அரங்குக்கும் இருந்த உறவு, கொடுத்த அன்றே முடிந்துவிட்டது. கட்டடம் எழுவதற்கு அவனைக் கேட்டார்கள். கட்டடத்தினுள் நாளை யார் ஆடுவது, ஆடுபவனுக்கு ஊதியம் எங்கிருந்து வருவது, கூரையைப் பேணுவது எவ்வாறு என்பவற்றுக்கு அவனை எவரும் கேட்கவில்லை. முழக்கம் செங்கல்லைச் சொல்லிற்று, சதங்கையைச் சொல்லவில்லை. ஒரு முறை கொடுத்து முடிக்கும் கொடை கொடுத்தவனைப் பார்வையாளனாக்கி அனுப்பிவிடும். கட்டட நிதி என்பதன் இயல்பே அது. கட்டடம் முடிந்தால் நிதியும் முடியும். நிதி முடிந்தால் உறவும் முடியும்.

அக்காலத்திலேயே வேறு வகைக் கொடைகளும் நம்மிடையே இருந்தன. தமிழவேள் கோ. சாரங்கபாணி 1950-களில் 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் தொடங்கி, மலாயாப் பல்கலைக்கழகத்துத் தமிழ்க் கல்விக்கென மக்களிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டினார். தோட்டத்துத் தொழிலாளியும் அதற்குக் கொடுத்தான். கொடுத்தவன் அப்பல்கலைக்கழக வாயிலை மிதித்ததில்லை. எனினும் அவன் பிள்ளை மிதிக்கலாம் என்ற நம்பிக்கை அக்கொடையில் இருந்தது. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் மேலும் ஒரு படி சென்றது. நூறு வெள்ளிப் பங்கைத் தவணையாகக் கட்டியவன் அங்கத்தினன் ஆனான். ஆண்டுக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை பெற்றான். பணம் கொடுத்தவன் வாயும் திறக்கலாம் என்பது அங்கே சட்டம்.

கோயில் உபயம் இவற்றினும் பழையது. அதன் அமைப்பைச் சிறிது ஆய்ந்து பார்த்தல் நலம். திருவிழா பத்து நாள் என்றால் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். ஒரு குடும்பமாகவோ, ஒரு தொழிலினராகவோ, ஒரு தோட்டத்துப் பிரிவினராகவோ இருப்பர். அந்நாளின் பூசை, விளக்கு, மேளம், அன்னதானம் ஆகிய செலவு அவர்களுடையது. இரவில் கூத்தோ நடனமோ உண்டு எனில் அதுவும் அவ்வாறே. அடுத்த ஆண்டு அதே நாளில் அவர்களே மீண்டும் வருவர். தந்தைக்குப் பின் மகன் ஏற்பான். ஏற்க இயலாதவன் வெட்கத்தோடு சென்று சொல்லவேண்டியிருக்கும். அந்த வெட்கமே அந்த அமைப்பின் காவல். மேளம் சரியில்லை எனில் உபயகாரர் கேட்பார். கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கொடை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால் உறவும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

தேசிய அரங்கு இருந்த இடத்தின் அண்மையிலேயே, தேங்க் சாலையில், 1859-இல் எழுந்த தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. வாணிபத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்குவது அதனை அமைத்த நகரத்தாரின் மரபு. பழைய கட்டடத்தை அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டி 1983-இல் குடமுழுக்குச் செய்தனர். அரங்கு மூடப்பெற்றது அதற்கு அடுத்த சனவரியில். இரண்டும் மக்கள் பணம் கலந்தவை. இரண்டிலும் பழைய கட்டடம் போயிற்று. ஒன்றில் மட்டும் புதியது எழுந்தது. பக்தி ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஆண்டுதோறும் கொடுத்துப் பழகிய கை அங்கே அணியமாக இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

உபயத்தின் குறைகள்

உபயத்தை மட்டும் புகழ்ந்து முடித்தல் நடுநிலை ஆகாது. உபயகாரருக்கு முதல் மரியாதை யார் பெறுவது என்பதில் எத்தனையோ ஊர்களில் பூசல் விளைந்ததுண்டு. சாதியைப் பார்த்து உபயம் மறுத்த காலமும் இருந்தது. பால்மரத் தோட்டங்களில் கோயில் வரியைச் சம்பளத்திலேயே பிடித்தம் செய்த வழக்கமும் இருந்தது. விரும்பிக் கொடுப்பதற்கும் பிடித்துக்கொள்வதற்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதன்று. ஒரு வெள்ளிச் செங்கல்லில் இக்குறைகள் இல்லை. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே தொகை கொடுத்தனர்; எவர் செங்கல் மேலே, எவர் செங்கல் கீழே என்று எவரும் கேட்கவில்லை. அந்தச் சமன்மை உபயத்துக்கு வாய்க்காத பெருமை.

மற்றுமொன்று. உபயம் ஊர் நிலைத்திருந்தால் நிலைக்கும். தோட்டங்கள் துண்டாடப்பெற்றும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், லயத்து வீடுகளோடு எத்தனையோ உபயங்களும் அழிந்தன. நாளும் பெயரும் குறித்த பழைய பட்டியல் இருக்கும். அப்பெயருக்கு உரியவர் கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ இருப்பார். ஆகவே பழைய உபயத்தை அப்படியே நகரத்துக் கலைமன்றத்துக்குக் கொண்டுவந்து பொருத்த முடியாது. செங்கல்லின் சமன்மையும் உபயத்தின் தொடர்ச்சியும் ஒன்று சேரவேண்டும். இவ்விரண்டையும் சேர்க்காத நிதித் திட்டம் எதுவும் கலையை நெடுநாள் தாங்காது.

இன்றைய மேடைகள்

சிங்கப்பூரில் 2002-இல் திறக்கப்பெற்ற எஸ்பிளனேட் கலைக்கூடத்தில் பெரிய மண்டபங்களுக்குப் புறத்தே, நீர்க்கரையில், ஒரு திறந்தவெளி மேடையும் உண்டு. உள்ளே கட்டணம், வெளியே பல நாள்களில் கட்டணமில்லாத நிகழ்ச்சி. இந்தியக் கலைவிழாவாகிய கலா உற்சவத்தின்பொழுது மாணவர் ஆடலையும் அங்குக் காணலாம். வேத்தியலும் பொதுவியலும் ஒரே வளாகத்தில் இடம்பெற்றமை பாராட்டுக்குரியது. கட்டணமில்லாத மேடையின் செலவை அரசாங்க உதவியும், நன்கொடையும், மற்ற வருவாயும் தாங்குகின்றன. புல்லில் அமர்ந்து பார்த்தவனின் பேரன் இன்று படியில் அமர்ந்து பார்க்கிறான்.

நிதிக்கும் புதிய வழி வந்துள்ளது. 2013-இல் சிங்கப்பூர் அரசாங்கம் 200 மில்லியன் வெள்ளியில் பண்பாட்டு இணைநிதி ஒன்றை அமைத்தது. கலை அறநிறுவனம் ஒன்று தனியாரிடம் ஒரு வெள்ளி நன்கொடை பெற்றால், அரசாங்கம் தன் பங்காக ஒரு வெள்ளி சேர்க்கும். ஒரு வெள்ளிக்கு ஒரு செங்கல் என்ற பழைய முழக்கம், ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி என மறுபிறவி எடுத்தது எனலாம். நல்ல ஏற்பாடே, ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். பெருஞ்செல்வரை விருந்துக்கு அழைக்க வல்ல நிறுவனம் ஓரிரவில் இலட்சம் திரட்டினால் அதற்கு இலட்சம் சேரும். பத்து வெள்ளி கொடுக்கும் பெற்றோரை நம்பியிருக்கும் சிறு நடனப் பள்ளிக்குப் பத்து வெள்ளியே சேரும். இணைநிதி இருப்பதைப் பெருக்கும், இல்லாததை உண்டாக்காது. ஆதலின் சிறு மன்றங்கள் கொடையாளரின் தொகையைக் காட்டிலும் கொடையாளரின் எண்ணிக்கையையும், அவர்கள் ஆண்டுதோறும் திரும்பி வருவதையும் பெரிதாகக் கொள்ளவேண்டும்.

நம் மன்றங்களும் பள்ளிகளும் நடத்தும் நிதி நடனங்களைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் இருப்பதற்கில்லை. திடலில் மேடை போட்டாயிற்று. பிள்ளைகள் அந்தி முதல் ஒப்பனையோடு காத்திருக்கின்றனர். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, மாலை, பொன்னாடை, காசோலை வழங்கும் படம் இவையெல்லாம் முடிந்தபின் ஆடல் தொடங்குகிறது. பனி இறங்கிவிட்டது, பிள்ளைகளுக்குத் தூக்கம், கூட்டத்தில் பாதி எழுந்துவிட்டது. எந்தக் கலையின் பெயரால் பணம் கேட்கிறோமோ அந்தக் கலை இங்கே ஊறுகாய் ஆகிவிடுகிறது. திரண்ட தொகையிலோ நாற்காலிக்கும், கூடாரத்துக்கும், மலருக்கும் போக, நட்டுவனாருக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் எஞ்சுவது கடைசிப் பங்கு. மன்றத்தார் தம் கணக்கில் ஆடுபவர்க்கு முதல் வரி ஒதுக்கவேண்டும். உபயப் பட்டியலில் மேளத்துக்குத் தனி இடம் இருந்ததை மறந்தவர்கள் இதை நினைவுகூர்தல் தகும்.

செய்யத்தக்கது பெரிய செயல் அன்று. ஒரு மன்றம் ஆண்டுக்கு நான்கு திறந்தவெளி ஆடல்களை நடத்துவதாகக் கொள்வோம். ஒவ்வோர் ஆடலையும் ஒரு தெருவோ, ஒரு தொழிற்சாலையின் தொழிலாளரோ, ஒரு பள்ளியின் பழைய மாணவரோ ஏற்கட்டும். தலைக்கு ஒரே தொகையாக இருக்கட்டும். செல்வர் கூடுதலாகக் கொடுக்க விரும்பினால் அது பொது நிதிக்குச் செல்லட்டும். கணக்கை ஆடல் நடந்த இடத்திலேயே வாசிக்கட்டும். அடுத்த ஆண்டு என்ன ஆடவேண்டும் என்று கொடுத்தவரைக் கேட்கட்டும். கேட்டால் திரைப்பாட்டு ஆட்டத்தையே கேட்பர் என்று அஞ்சுவோர் உண்டு. ஓராண்டு கேட்கலாம். வருணத்தை அருகில் அமர்ந்து பொருளுணர்ந்து கண்டவன் மறு ஆண்டும் அதையே கேட்பான் என்பதற்கில்லை. சுவையை வளர்ப்பது கல்வி. கல்வி கொடுப்பது நம் தொழில். மக்களுக்கு எதுவும் தெரியாது என்று கூறி அவர்கள் பணத்தை மட்டும் பெற்றுக்கொள்வது ஆசிரியர்க்கு அழகன்று.

தேசிய அரங்கு இன்று இல்லை. அது தோல்வி என்று கூறுவோர், பல இன மக்கள் தம் கையால் ஒரு மேடை எழுப்பிய நிகழ்ச்சி நம் மண்ணில் முன்னர் எத்தனை முறை நடந்தது என்பதை எண்ணவேண்டும். அது வெற்றி என்று கூறுவோர், கொடுத்த கை மறுமுறை நீள்வதற்கு வழி வைக்கப்படாததை எண்ணவேண்டும். மக்கள் கொடுக்கமாட்டார்கள் என்ற புலம்பலுக்கு அந்த ஒரு வெள்ளியே மறுமொழி. கேட்டபொழுது அவர்கள் கொடுத்தார்கள். மீண்டும் கேட்கும் கடமை மன்றங்களுடையது. கேட்கும்பொழுது செங்கல்லுக்கு மட்டுமன்றிச் சதங்கைக்கும் சேர்த்துக் கேட்பார்களாக.